வாரண்டு கொண்டுபோன வீட்டில் சந்தகை

கோர்ட்டில் ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு இப்போது குடும்ப நீதிமன்றம் என்று தனிக் கட்டடமே இருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. குழந்தைகள் விளையாட ஓர் அறை, அதில் ஆடுகிற மரக்குதிரை. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் இதெல்லாம் கிடையாது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினவன், அடுத்தவன் தோப்பில் இளநீர் வெட்டினவன், கட்டினவளுக்கும் பெற்ற பிள்ளைக்கும் சோறு போடாதவன் எல்லோரும் ஒரே மாஜிஸ்திரேட் முன்னால், ஒரே வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். சைக்கிள்காரன் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவான். பிள்ளைக்குச் சோறு போடாதவன்தான் மீசையை நீவிக்கொண்டு நிற்பான்.

எனக்குப் படிப்பு கிடையாது. சம்பளம் வாங்குகிற இடத்தில் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டேன், அதுவும் கோட்டுக்குள் நிற்காது. ஆனால் என்னை விட்டுவிட்டு எந்த ஏட்டும் பெண்கள் இருக்கும் வீட்டுக்கு வாரண்டு கொண்டு போனதில்லை. ஆண்கள் திடுதிப்பென்று உள்ளே நுழையக் கூடாது, முதலில் ஒரு பெண் போய் உள்ளே இருக்கிறவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. அந்த முதல் ஆள் நான். கோர்ட்டைக் கூட்டுவது, பானையில் தண்ணீர் நிறைப்பது, சாட்சிக் கூண்டில் ஏறும் தாய்மாரின் குழந்தைகளை இடுப்பில் வாங்கிக்கொள்வது எல்லாம் செய்தேன். இருந்தாலும் எனக்குப் பெருமை அந்த முதல் ஆள் வேலையில்தான். அதில் ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள், எனக்கு வேறு வேலை இல்லை.

புதுக்காசு வந்து, பழைய அணாவுக்கு எத்தனை பைசா என்று சந்தையில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். கோயமுத்தூருக்குத் தெற்கே ஒரு தாலுகா ஊர். ஒரே காம்பவுண்டுக்குள் தாலுகா ஆபீஸ், எங்கள் கோர்ட், பக்கத்திலேயே சப் ஜெயில், நடுவில் ஒரு வேப்பமரம்.

அந்த வேப்பமரத்தடிக்கு சரசு என்று ஒரு பெண் வருவாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடை பழகி ஓடத் தொடங்கிய வயது. புருஷன் குமாரசாமி. அவனுக்குத் தென்னந்தோப்பு, கிணறு, மாடு கன்று எல்லாம் உண்டு. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்துவிடும் என்று எந்தச் சோசியனோ சொன்னானாம். அதை நம்பி கைக்குழந்தையோடு இவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டவன், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கும் தாய்க்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு போட்டு மாதக்கணக்கில் ஆகியும் ஒரு காசு வரவில்லை.

"கோர்ட்டுக்கு வரதுக்கு முன்னால ஆனைமலைக்குப் போயி, நாயங் கேட்டு அம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டுத்தானுங்க வந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். "அம்மன்கிட்ட ஒரு மனு, இங்க ஒரு மனு. எது மொதல்ல விசாரணைக்கு வருதோ வரட்டுமுங்க."

வாய்ச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே பயம் இருந்தது. அண்ணன் வீட்டுச் சோறு. அந்த அண்ணன் கெட்டவனில்லை, அலுத்துப்போனவன். குமாரசாமி தரப்பில் ஆள் விட்டிருந்தார்கள். ஒரே தடவையாக ஏதோ கொஞ்சம் கொடுத்துவிடுவார்களாம், சரசு இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ராஜி எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். "தை நோம்பி வரைக்கும் பாப்பமுங்கறாருங்க எங்கண்ணன். அதுக்குள்ள கோர்ட்டுல ஒண்ணும் ஆகுலீன்னா, ராஜியில கையெழுத்துப் போட்டுப்போடுங்கறாரு" என்றாள். போட்டுவிட்டால் அந்தக் குழந்தைக்கு வளர்ந்து ஆளாகும் வரை அப்பன் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வராது. தை நோம்பி என்றால் பொங்கல்தான், அப்போது மார்கழி பிறந்திருந்தது.

மாஜிஸ்திரேட் வாரண்டு போட்டார். அவன் பொருளை ஜப்தி செய்ய வேண்டும், ஆளையும் கூட்டிவர வேண்டும். ஏட்டும் நானும் கிளம்பினோம்.

ஏட்டு என்றால் ஆறடி ஆள். திருடர்கள் அவர் இருமினாலே குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். எனக்கு இந்த வேலையில் பாதியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மீதிப் பாதியை அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

பஸ்ஸில் இறங்கி இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி வழியாக நடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே குமாரசாமியின் தாயார். வெள்ளைச் சேலை, காதில் பெரிய துளை, முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்க வாங்க. வாங்கம்மணி. இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? மோர் குடிங்க. ஏனுங்க ஏட்டய்யா, அந்தத் தொப்பிய எடுத்துப்போட்டு உக்காருங்க, தலை வேவுதில்லீங்க?"

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "குமாரசாமி இருக்கறாருங்களா?"

"எங்க போயிருவான்? பொறத்தாலதான் மாட்டுக்குத் தண்ணி காட்டறான். கூப்புடறேன், உக்காருங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க போங்க. சந்தகைக்கு மாவு வெந்துபோச்சு, புழியறதுக்குத்தான் ஆளில்லாம தவிச்சுட்டு இருக்கறேன்."

உங்களில் சந்தகை தின்னாதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் பழைய மரத்தில் பிழிந்ததைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. வெந்த மாவைச் சுடச்சுட அச்சுக்குள் போட்டு, மேலே இருக்கும் நீளக் கட்டையை ஆள் பலத்தோடு அமுக்க வேண்டும். கீழே நூல்நூலாக இறங்கும். மாவு ஆறிவிட்டால் கட்டை முறிந்தாலும் இறங்காது. அதனால் கட்டையில் கை வைத்தவன் முடியும் வரை கையை எடுக்கக் கூடாது.

அந்த அம்மாள் ஏட்டின் தோளைப் பார்த்தாள். "உங்க கைக்கு இது எம்மாத்திரம்? சித்தெ அமுக்கிக் குடுத்துருங்க. அம்மணி, நீ தட்டைப் புடி கண்ணு."

வயசான பெண்மணி, வீடு தேடி வந்தவர்களைப் பார்த்துக் கேட்கிறாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்தார். வாரண்டை அதன் அடியில் வைத்தார். கட்டையின் நுனியைப் பிடித்துத் தொங்கினார். நான் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளை வெளேரென்று சந்தகை இறங்கியது. சொல்வதற்கென்ன, மணம் ஆளைத் தூக்கியது.

பாதி ஈடு பிழிந்திருப்போம். குமாரசாமி வந்தான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றான்.

"ஏட்டய்யா, கொஞ்சம் சோலி இருக்குதுங்க. நான் போயிட்டு வாரேனுங்க."

ஏட்டு கட்டையில் தொங்கிக்கொண்டே சொன்னார்: "செரிங்க, போயிட்டு வாங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் பக்கத்தில் பிறந்தவன் வாயில் வேறென்ன வரும்? ஒருவர் கும்பிட்டுப் போய்வருகிறேன் என்றால் நாம் போய்வாருங்கள் என்றுதான் சொல்வோம். எமன் வந்து சொன்னாலும் அதைத்தான் சொல்வோம். ஏட்டுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. கட்டையை விட்டால் மாவு ஆறிவிடும், விடாவிட்டால் ஆள் போய்விடுவான். அவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். சைக்கிள் மணி இட்டேரியில் கிணுகிணுவென்று கேட்டு ஓய்ந்தது.

தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தோம். தின்ற வீட்டில் பொருளை ஜப்தி பண்ண ஏட்டுக்குக் கை வரவில்லை.

மறுநாள் மாஜிஸ்திரேட் கேட்டார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்லவர், ஆனால் எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"ஆள் எங்கேய்யா?"

"போயிட்டானுங்க ஐயா."

"உன் கண்ணுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க ஐயா. சொல்லிட்டுத்தான் போனானுங்க."

"என்னன்னு?"

"வாரேன்னுங்க."

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே சரசு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காகிதப் பொட்டலத்திலிருந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு.

"கெடைச்சானுங்களா?" என்றாள்.

நேற்றுச் சந்தகை தின்ற கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். "அடுத்த தடவை கெடைப்பான்" என்றேன்.

அடுத்த தடவை கிளம்பும்போது ஏட்டு வீட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். "பாரம்மணி, அந்த ஊட்டுல தண்ணி மொதக்கொண்டு தொட மாட்டேன். நீயும் தொடாத" என்றார். சரி என்றேன்.

இந்தத் தடவை அந்த அம்மாள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். "குமாரசாமி ஊருல இல்லீங்களே. உடுமலைக்குப் போயிருக்கறான், தேங்காய் யாவாரமா. வர ரெண்டு மூணு நாளாகும். நீங்க உக்காருங்க, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருக்கறேன்."

"வேண்டாமுங்க" என்றார் ஏட்டு, இரும்பைப் போல. "ஜப்தி பண்ண வந்திருக்கறம். அவரு பொருள் எது எதுன்னு காட்டுங்க."

"அவன் பொருளா?" அந்த அம்மாள் மோவாயில் கை வைத்தாள். "இந்த ஊட்டுல அவனுதுன்னு என்னங்க இருக்குது? தோட்டம் என்ற பேருலங்க. மாடு என்றதுங்க. அந்தக் கட்டில் எங்கய்யன் சீராக் குடுத்ததுங்க. அண்டா குண்டாவெல்லாம் என்றதுங்க."

ஏட்டு ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, எல்லாமே 'என்றது', அம்மாவுடையது. வண்டி அம்மாவுடையது. சைக்கிள்கூட அம்மாவுடையது. அந்த அம்மாள் சைக்கிள் ஓட்டுவாளா என்று ஏட்டு கேட்டார். "ஓட்டப் பழகோணும்னு வாங்கி வெச்சேனுங்க" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு சேவல் கட்டியிருந்தது. சாதாரணச் சேவல் இல்லை. கழுத்து நீண்டு, நெஞ்சு அகன்று, செம்பு நிறத்தில், நம்மை மேலும் கீழும் பார்க்கிற பார்வை. சண்டைக்கு விடுகிற சேவல். தை நோம்பிக்குச் சேவல்கட்டு நடக்கும், அதற்கு வளர்ப்பது. ஏட்டு அதைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டென்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"இது யாருதுங்க?" என்றார், குரல் கொஞ்சம் கனிந்து.

"அதும் என்றதுதானுங்க."

நான் சேவலின் காலைப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சொட்டு இன்னும் காயவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் பருப்பு. அந்த அம்மாளின் கையைப் பார்த்தேன். கையெல்லாம் கச்சாய மாவு, மஞ்சள் கறை இல்லை. உடுமலையில் இருக்கிறவன் எப்படி இங்கே சேவலுக்குக் கால் கழுவினான்?

ஆள் இங்கேதான் இருக்கிறான். ஆனால் எங்கே? வீடு, கொட்டகை, சோளத்தட்டுப் போர், தோப்பு. இரண்டு பேர் தேடினால் அவன் ஒரு பக்கமாக ஓடிவிடுவான், இன்னொரு தடவை கோர்ட்டில் ஏட்டு தலையைச் சொறிய வேண்டும். வேப்பமரத்தடியில் பார்த்த அந்தப் பொரிப் பொட்டலம் என் கண்ணில் வந்து நின்றது.

நான் வாசலில் நன்றாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆத்தா, ஏட்டய்யாதான் கை நனைக்க மாட்டேங்கறாரு. நான் உண்பேனுங்க."

ஏட்டு என்னை முறைத்தார். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படிச் சொல்லு கண்ணு! என்ன வேணும்? சொல்லு, செஞ்சு போடறேன்."

"ரெண்டு நாளா சளிங்க. கோழிச் சாறு குடிச்சாத் தேவலைங்க."

"அடடா, கோழி இல்லியே கண்ணு."

"இதா நிக்குதுங்களே" என்று சேவலைக் காட்டினேன். "உங்களுதுதானுங்களே."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்த அம்மாள் தடுமாறினாள். "இது... கெழடுங்கம்மணி. வேவாது."

"வேவற வரைக்கும் இருக்கறமுங்க. எங்களுக்கென்ன சோலி?"

"எலும்பாட்ட இருக்கும், கறியே இருக்காது."

"சாறுக்கு எலும்புதானுங்க நல்லது."

இல்லை என்று அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒறம்பரை என்று வந்த விருந்தாளி வாய்விட்டுக் கேட்டு, தன்னுடைய கோழியை அடிக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுடைய பெருமையே அந்தச் சோற்றில்தான் இருந்தது. அதைத்தான் எங்கள் மேல் போன தடவை பிரயோகம் பண்ணினாள். நான் அதையே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவளே அறியாமல் தூணுக்குப் பக்கத்தில் போய்க் கயிற்றில் கை வைத்தாள். நான் உரக்கச் சொன்னேன்: "அருவாமணை எங்கிருக்குதுங்க ஆத்தா? நான் எடுத்தாறேன்."

சோளத்தட்டுப் போர் அசைந்தது. உச்சியிலிருந்து ஒரு சருகுக் குவியல் சரிந்தது. அதோடு கூட ஒரு ஆளும் சரிந்தான். தலையெல்லாம் தட்டை, மேலில் சட்டையில்லை.

"ஆத்தா! தொடாத ஆத்தா! அது என்ற சேவலு!"

சேவல் கூடத் திரும்பிப் பார்த்தது.

ஏட்டு அவசரமே படவில்லை. தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டார். "என்ன சொன்னீங்க குமாரசாமி? இத்தனை பேரு கேக்கறாங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

"என்ற சேவலுங்க... விட்டுருங்க."

"உங்களுதுன்னு ஒண்ணாவது இருக்குதே, சந்தோசமுங்க. ஜப்தி பண்ணிக்கறம். வாங்க போலாம்."

"சித்தெ இருங்க, சட்டை போட்டுட்டு வாரேனுங்க."

"வாரேனா?" என்றார் ஏட்டு. "அந்த வார்த்தை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. சட்டையும் ஆத்தாளுதுதானுங்களே, அப்படியே வாங்க."

அந்த அம்மாள்தான் சட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கச்சாயத்தை எடுத்துக்கொள் என்று அப்போதும் சொன்னாள். நான் எடுக்கவில்லை.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவனிடம் மரியாதையாகவே கேட்டார். பாக்கியைக் கட்டுகிறாயா, ஜெயிலுக்குப் போகிறாயா? சேவலை ஏலம் விட்டாலும் பாக்கியில் ஒரு மூலைக்குத்தான் வரும்.

குமாரசாமி நெஞ்சை நிமிர்த்தினான். "செயிலுக்கே போறேனுங்க. ஒரு மாசம் இருந்துட்டு வந்தாக் கணக்குத் தீந்துபோச்சுங்க."

அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் வராந்தாவில் நிற்கிற பத்து ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள், நீங்களே பார்ப்பீர்கள். மாஜிஸ்திரேட் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

"ஜெயில் எதுக்குன்னா, கொடுக்காம இருந்ததுக்கு. கொடுக்க வேண்டியது அப்படியே இருக்கும். வெளியே வந்த பிறகும் இருக்கும். அடுத்த மாசம் கொடுக்கலேன்னா அதுக்குத் திரும்ப வரலாம். நடுவிலே என்னைக்குப் பணம் கட்டினாலும் அன்னைக்கே கதவைத் திறந்துவிடுவாங்க. சாவி உன் கையிலேதான் இருக்கு."

"பரவால்லீங்க" என்றான். அந்தக் காம்பவுண்டைக் கடந்து சப் ஜெயிலுக்கு மாப்பிள்ளை மாதிரி நடந்து போனான்.

சேவலை ஏலம் வரைக்கும் யார் பார்ப்பது? ஏட்டு ஆசையாகக் கை நீட்டினார். அவர் கையில் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமையே எங்காவது கட்டுக்குப் போய்விடும் என்று மாஜிஸ்திரேட்டுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆயாவிடம் கொடு என்றார். வேப்பமரத்தடியில் கட்டினேன்.

அந்தச் சேவல் இருந்த நாட்களில் எங்கள் கோர்ட்டில் விசாரணை நடந்ததா என்றே சொல்ல முடியாது. இளநீர் வெட்டினவன் கூண்டில் ஏறி, "சத்தியமா நான் அந்தத் தோப்புப் பக்கமே போகலீங்க" என்பான். வெளியே கொக்கரக்கோ என்று கேட்கும். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். வக்கீல்கள்கூடச் சேவல் கூவுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள்.

அதற்குச் சிநேகமானவள் சரசுவின் மகள் ஒருத்திதான். சரசு தினமும் வருவாள், ஏதாவது தகவல் உண்டா என்று. குழந்தை நேரே மரத்தடிக்கு ஓடும். தன் பொரியில் ஒரு கை தனக்கு, ஒரு கை சேவலுக்கு. பெரிய பெரிய ஆட்களைக் கொத்த வந்த அந்தச் சேவல் அவள் உள்ளங்கையில் பூ மாதிரி கொத்தித் தின்னும்.

பாதாம் பருப்பு தின்ற சேவல் அது. பிள்ளைக்குப் பொரி, அப்பனின் சேவலுக்குப் பாதாம் என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சரசு சிரித்துவிட்டாள். "பாருங்கக்கா, எங்க ஊட்டுச் சொத்துல எம்புள்ள மொதமொதல்ல தொட்டது இதைத்தான்" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நோம்பி வந்துருச்சுங்கக்கா. எங்கண்ணன் ராஜிக்கு ஆளைக் கூப்புட்டு வெச்சிருக்கறாரு."

நோம்பிக்கு இன்னும் சில நாள்தான். உள்ளே இருக்கிறவன் அசையவில்லை. ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நல்ல கட்டுச்சேவல் மலிவாக வருகிறதென்றால் சேதி நிற்குமா? உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு ஆள் பார்க்க வந்தான். கையில் வெள்ளிக் காப்பு, காதில் கடுக்கன். வருஷாவருஷம் சேவல்கட்டில் குமாரசாமியின் எதிராளி அவன்தான் என்று ஏட்டு என் காதில் சொன்னார்.

"சேவலைப் பாக்கலாமுங்களா?"

"பாருங்க. ஆனா நெழல்ல நெறம் தெரியாதுங்க" என்றேன். "வெயிலுக்குக் கொண்டாறேன்."

காம்பவுண்டில் எங்கு பார்த்தாலும் வெயில்தான். நான் அதைக் கொண்டுபோய்ச் சப் ஜெயில் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினேன். வயசானால் கால் தானாக ஏதோ ஒரு பக்கம் போகும் என்பார்கள், எனக்கு அப்போது வயசும் ஆகவில்லை.

அந்த ஆள் இறக்கையை விரித்துப் பார்த்தான். காலை இழுத்துப் பார்த்தான். "எலும்பு நல்ல எலும்பு" என்றான். "வளத்துனவனுக்குத்தான் வளத்தத் தெரியல. நம்ம கைக்கு வந்தா இது நோம்பிக்கு நாலு சேவலைச் சாய்ச்சுப்போடும். மொதல்ல அவனூட்டுச் சேவலத்தான்."

மேலே கம்பி அதிர்ந்தது. "டேய்! கைய எடுடா! அம்மணி, அவனுக்குக் குடுத்துப்போடாதீங்க! எங்காத்தாளுக்குச் சொல்லி உடுங்க! பணங் கட்டறேனுங்க!"

"ஒரு மாசம் இருக்கறேன்னீங்க?" என்றேன் மேலே பார்த்து.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. ஆத்தாளக் கூப்புடுங்க!"

மறுநாள் காலையில் கோர்ட் திறக்கும் முன்பே அந்த அம்மாள் வந்து நின்றாள். பாக்கி முழுதும் மடியில். கட்டுவதற்குக் குமாஸ்தா வர வேண்டியிருந்தது. அதுவரை வேப்பமரத்தடியில் நின்றாள். சரசு எழுந்து ஒதுங்கிக்கொண்டாள். குழந்தைக்கு யார் எவர் என்று தெரியாது. ஒரு கைப் பொரியைச் சேவலுக்குக் கொடுத்தாள், ஒரு கையைத் தான் தின்றாள். பக்கத்தில் ஒரு புது ஆள் நிற்கிறாளே என்று மூன்றாவது கையை அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட கை அது. நீட்டி வாங்கிக்கொண்டது. தின்னவில்லை, மூடியே வைத்திருந்தாள்.

"காத்தால இந்தப் புள்ள என்ன உண்டா?" என்று என்னிடம் கேட்டாள், சரசுவைப் பார்க்காமல்.

"அதைத்தானுங்க உண்கறா" என்றேன்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனித்து வையுங்கள், பெண்களே. வாயைத் திறந்து நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று எனக்குத் துடித்தது. ஏட்டுக்குச் சந்தகை, பேத்திக்குப் பொரியா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், பதில் சொல்வதில் அவளை ஜெயிக்க முடியாது. சைக்கிள் ஓட்டப் பழக வாங்கியதாகச் சொன்னவள் அல்லவா.

பணத்தைக் கட்டினாள். சரசு கையில் வாங்கினாள். ஜெயில் கதவு திறந்தது. குமாரசாமி நேராகச் சேவலிடம் வந்தான். தூக்கித் தடவிப் பார்த்தான். "என்னங்க இப்படிப் பெருத்துக் கெடக்குது? என்னத்தைப் போட்டீங்க?" என்று என் மேல் கோபித்துக்கொண்டான். சேவல் போகிறதே என்று குழந்தை அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் குனிந்து பார்த்தான். சேவல் கழுத்தை நீட்டியது.

"கிட்ட வராத கண்ணு, கொத்திப்போடும்" என்றான்.

பெற்ற மகளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. சேவல் கொத்தவில்லை, அவள் கையைத் தேடிப் பொரி கேட்டது.

நோம்பிச் சேவல்கட்டில் அந்தச் சேவல் என்ன ஆயிற்று என்று ஏட்டு வந்து சொன்னார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. களத்தில் இறக்கிவிட்டதும் எதிரியை விட்டுவிட்டு, சுற்றி நின்ற கூட்டத்தில் யார் கையிலாவது பொரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றதாம். எதிரிச் சேவலின் காலில் கட்டிய கத்தி படுவதற்குள் குமாரசாமியே பாய்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டானாம்.

சரசு ராஜி எழுதவில்லை. சேர்ந்து வாழ்ந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. அவளும் கேட்கவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பணம் ஒரு மாதமும் நிற்கவில்லை. அவன் மனம் மாறினானா, ஜெயிலை நினைத்துப் பயந்தானா, சேவலை நினைத்துப் பயந்தானா, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நமக்குச் சம்பளம் கிடையாது. உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாரண்டு கொண்டுபோகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறவன் வீட்டில் அவனுக்குப் பிரியமானது எது என்று பாருங்கள்.

பணத்தைக் கொண்டுவருவது மட்டும் அந்த அம்மாள். மாதாமாதம் பஸ்ஸில் வந்து கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்காருவாள். கையில் ஒரு தூக்குப்போசி. சரசு குழந்தையை இறக்கிவிட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அம்மாள் மூடியைத் திறப்பாள். வெள்ளை வெளேரென்று சந்தகை, தனியாகச் சொம்பில் தேங்காய்ப்பால். பிசைந்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போவாள்.

முதல் தடவை அந்த மணத்துக்கு ஏட்டு ஸ்டேஷனிலிருந்தே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்காத்தா, எங்களுக்கில்லீங்களா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வாயைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க ஏட்டய்யா. இது ஒறம்பரைக்குச் செஞ்சதில்லீங்க. எங்க ஊட்டுப் புள்ளைக்குச் செஞ்சது."